ஏணி கேட்ட ஒப்பாரி

என் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்கள். நான் பாட்டுக்காரி ஆனது அந்த இடத்திலிருந்துதான்.

என் வீட்டுக்காரர் இறந்தது கவ்வாத்து மாதத்தில். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு மலை முழுக்க மொட்டையாக நின்ற நேரம். நாலு நாள் மழையில் நனைந்துகொண்டே கத்தி பிடித்தார். ஐந்தாம் நாள் விடியலில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "பெரட்டுக்கு நான் வரலன்னு சொல்லிடு புள்ள" என்றார். ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்துக்கு அவர் போகாத முதல் காலை அது. பத்தாம் நாள் எங்கள் வரிசைவீட்டு லயத்து வாசலில் பாய் விரித்து அவரைக் கிடத்தியிருந்தோம்.

முப்பதுகள் அவை. இலங்கை மலையில், ஹட்டனுக்கும் டயகமவுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கொழுந்துக்கு மதிப்பு விழுந்து ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கப்பலேறிப் போன குடும்பங்களின் ஒற்றை அறைக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. ஒரு லயத்தில் பத்துக் கதவு என்றால் நாலில்தான் அடுப்புப் புகை. எனக்கு இருபத்திநாலு வயது. பிள்ளை இல்லை.

அவர் பரம்பரை வேதக்காரர், கிறிஸ்தவர். நான் அவரைக் கட்டிக்கொண்டு வேதத்துக்கு வந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயில். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் வெறும் காற்று, காற்றுக்கு மேல் தகரம். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் ஆராதனை. அவர் கையில் ஜால்ராவோடு முன்னால் நின்று கீர்த்தனையை எடுத்தால் இருபது குடும்பமும் பின்னால் போகும். நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். நிச்சயமான குரல். இந்தப் பாட்டு இங்கேதான் போகிறது என்று தெரிந்த குரல். அவர் பாடும்போது நான் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருப்பேன். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது பாடுகிற நான், அங்கே பாடியதில்லை. அது அவருடைய இடம்.

நான் பிறந்த வீட்டில் ஒப்பாரி என்பது பேச்சுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று. சாவு வீட்டில் ஒருத்தி ஒரு வரி எடுப்பாள். எடுத்துவிட்டு நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் இன்னொருத்தி பதில் வரி சொல்ல வேண்டும். அந்த வழியாகப் போகிறவள் முன்பின் தெரியாதவளாக இருக்கட்டும், சண்டைக்காரியாகவே இருக்கட்டும், சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்து ஒரு வரியாவது சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவாள். ஒப்பாரியைப் பதிலில்லாமல் விட்டுவிட்டு நடப்பது, தாகத்துக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போவது மாதிரி.

அன்றைக்கு வாசலில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். தலைமயிர் தானாக அவிழ்ந்தது. வரியும் தானாக வந்தது.

பனி விழும் மலைமேல பாத வெட்டிப் போனவரே –

நிறுத்தினேன். பக்கத்துக் காம்பரா அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமம். மலையில் எனக்கு அடுத்த நிரை அவளுடையது. பதில் சொல்ல அவள் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் உபதேசியார் கையைத் தூக்கினார். எங்கள் சின்ன சபைக்கு அவர்தான் ஜெபம், பிரசங்கம், பள்ளிக்கூடம் எல்லாம். பாதிரியார் நுவரெலியாவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். "போதும்மா. நம்பிக்கை இல்லாதவங்கதான் இப்படி அழுவாங்க. நாம ஜெபம் பண்ணுவோம்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரிதான் சொன்னார். நான் நிறுத்திவிட்டேன். புருஷனின் சபை, புருஷனின் உபதேசியார், புருஷனின் சாவு. நான் யார் மறுத்துப் பேச?

அக்கா இழுத்த மூச்சை விடத் தெரியாமல் வாய் திறந்தபடி அப்படியே இருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பாட்டு வரவில்லை. இதைத் துக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், அப்படி இல்லை. துக்கம் தனியாக இருந்தது, அது வேலை செய்தது, சோறு தின்றது, என்னோடு பெரட்டுக்கு வந்தது. இது வேறு. அந்த வரிக்கு என்னிடமே ஒரு இரண்டாம் வரி இருந்தது. நான் நிறுத்தியபோது நாக்கின் நுனியில் இருந்தது. பாடாமல் விட்டதால் அது உள்ளேயே இறங்கித் தொண்டையில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. வேறு எந்தப் பாட்டு மேலே ஏறி வந்தாலும் அதில் இடித்துக்கொண்டு திரும்பியது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குழாயில் குடம் வைத்துவிட்டு யாரும் இல்லாதபோது முயன்று பார்த்திருக்கிறேன். இருமல்தான் வந்தது. அந்த வரியை முடித்தாலொழிய எனக்கு இனிக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். முடிப்பதற்கும் இடமில்லை. புதைத்து மாதங்கள் ஆன ஆளுக்கு வாசலில் உட்கார்ந்து யார் ஒப்பாரி எடுப்பார்கள்? தனியாகப் பாடவும் முடியாது. பதில் சொல்ல ஆள் வேண்டும்.

மலையில் அக்கா விடமாட்டாள்.

"ஏ வேதக்காரி, ஒரு பாட்டெடு. கை ஓடமாட்டேங்குது."

"நீங்களே பாடுங்கக்கா."

"நான் பாடினா கொழுந்து முத்திப் போயிடும்டி. உங்க சாமி என்ன, ஒன் வாயத் தச்சுப்புட்டாரா?"

"சாமி என்ன செஞ்சாரு?"

"சாமி இல்லன்னா அந்தக் கோட்டுக்கார உபதேசியாரு. எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குதுடி. சொல்ல வந்த வரிய முழுங்குனவ நான். நெல்லிக்காக் கொட்டைய முழுங்குன மாதிரி இருக்கு."

எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் அடைத்துக்கொண்டிருந்தது.

கவ்வாத்து வெட்டிய செடிகள் துளிர்த்தன. துளிர் இலையாகிப் பச்சை மலைமேல் ஏறியது. எனக்குக் கோபம் வந்த ஒரே பச்சை அதுதான். அவர் வெட்டிய செடி அவரில்லாமலே இத்தனை ஆசையாகத் துளிர்க்கலாமா என்று ஒவ்வொரு கொழுந்தையும் கொஞ்சம் வேகமாகவே கிள்ளினேன்.

தபசு நாட்கள் வந்தன. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள். ஒரு சாயங்காலம் உபதேசியார் என் காம்பரா வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, பெரிய வெள்ளிக்கிழமை மூணு மணி ஆராதனை இருக்கு. அவரு இல்லாம சபையில பாட்டே இல்லாமப் போச்சு. நான் எடுத்தா ஒருத்தரும் பின்னால வர்றதில்ல."

"ஐயா நல்லாத்தானே எடுக்குறீங்க."

"பொய் சொல்லாத. தபசு நாள்ல பொய் சொல்றது ரெட்டப் பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்காக வராத சிரிப்பு.

என் வீட்டுக்காரர் பாடிய கீர்த்தனைகளை எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்துக்கூட்டி வாசித்து எல்லாமே மனப்பாடம். உபதேசியார் அது தெரிந்துதான் வந்திருந்தார். அதில் ஒரு பாட்டை நான் எடுத்தால் போதும் என்றார்.

"வராதுங்கய்யா. எனக்கு ஒரே ஒரு பாட்டுதான் வரும். அத நீங்க நிறுத்திட்டீங்க."

அவர் குடையைப் பார்த்தார். பிறகு ஏழு வருஷம் பிரசங்கம் செய்து பழகிய குரலில், உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செத்தவர்களுக்காக ஒப்பாரி வைக்கக் கூடாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முடித்ததும் என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஆண்டவரோட கல்லறைக்கு விடியக்காலையில பொம்பளைங்க போனாங்களே, எதுக்குப் போனாங்கய்யா?"

"ஒடம்புக்கு வாசனைச் சுகந்தவர்க்கம் இடப் போனாங்க."

"இட்டுட்டு?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அழத்தானே போனாங்க. அவரு எழுந்திருப்பாருன்னு நெனச்சுப் போகலியே. அழப் போன பொம்பளைங்களுக்குத்தானே மொதல்ல தெரிஞ்சுச்சு? நம்பிக்கையா வீட்டுல இருந்த ஆம்பளைங்களுக்கா தெரிஞ்சுச்சு?"

"அவங்க நம்பிக்கையா இருக்கல. பயந்துபோய்க் கதவப் பூட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றார் உபதேசியார். நேர்மையான மனிதர். சொன்ன பிறகுதான் தன் கட்சியைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டது அவருக்குப் புரிந்தது. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழை இல்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"சரி. செத்தவங்களுக்கு இல்ல, கர்த்தருக்கு. சிலுவைக்குக் கீழ நின்ன பொம்பளைங்க பாடுற மாதிரி. ஆனா மாரடிக்கக் கூடாது. தலைய விரிக்கக் கூடாது. வேதத்துல இல்லாதது ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. முன்னாடியே எனக்குப் பாடிக் காட்டணும்."

"பாடிக் காட்ட முடியாதுங்கய்யா. சொல்லிக் காட்டுறேன்."

பாட்டை மலையில் கட்டினேன். கொழுந்து கிள்ளுகிற கைக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு கையும் மாறி மாறிக் கிள்ளி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிவோம். அந்த எறிதலில் வரி முடிய வேண்டும். அப்படி முடியாத வரியை உதிர்த்துவிட்டு அடுத்ததைக் கிள்ளினேன். உபதேசியார் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"மூணாணின்னு சொல்றியே, வேதத்துல எங்க இருக்கு?"

"கைக்கு ரெண்டு. காலு ரெண்டையும் சேத்து ஒண்ணு. வேற எப்படி அடிப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். பாதம்மேல் பாதம் வைத்துப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. மழைக்கு முந்திய மாதம், கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் துரை வேதக்காரர்களுக்கு மட்டும் மத்தியானத்தோடு லீவு கொடுத்திருந்தார். மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த மலையில் நிரை பிடித்திருந்தார்கள். அரைச்சுவருக்கு மேலாக அவர்களைப் பார்க்கலாம். பச்சைக்கு நடுவில் கூடைகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. அதில் ஒரு தலை அக்காவுடையது.

பிரசங்கம் நீண்டது. தகரம் சுட்டது. பிறகு உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

என் வீட்டுக்காரர் நின்று பாடிய இடத்தில் போய் நின்றேன். ஜால்ரா வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒப்பாரிக்கு மூச்சுதான் தாளம். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் இருமல் வருமோ என்ற பயம் முழங்காலில் இருந்தது. தொண்டையில் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்த அந்தக் கணத்திலேயே எடுத்துவிட்டேன்.

முள்ளு முடி வச்சாங்க, மூணாணி அடிச்சாங்க – ராசாவே
மொகந்தொடைக்கத் துணியெடுத்தேன், முடியலியே எட்டலியே –

நிறுத்தினேன்.

யாரும் பதில் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பதில் தெரியும். எல்லோருடைய அம்மாவும் ஏதோ ஒரு வாசலில் பதில் சொல்லியிருக்கிறாள். ஆனால் உபதேசியார் முன்னால் எந்தப் பெண் முதலில் வாய் திறப்பாள்? மாரடிக்காதே, தலையை விரிக்காதே என்று எனக்கு நிபந்தனை போட்டவர், பதிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒப்பாரிக்குப் பதில் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. ஆண்களுக்குத் தெரிவதில்லை. நான் அடுத்த வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து, பாடிய வரியிலிருந்தே "முகந்தொடைக்க" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

மறுபடியும் அதே வரியைப் பாடினேன். இந்தமுறை பெண்களுக்குப் பாடவில்லை. அரைச்சுவருக்கு மேலாக, மலைக்குப் பாடினேன். ஒரு பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்து நிரைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் எனக்கு. எத்தனை மாதமானாலும் அது தன் வழியை மறக்கவில்லை. தகரத்தைத் தாண்டி, பாதையைத் தாண்டி, மேலே ஏறிப் போனது.

நிறுத்தினேன்.

மலையில் கூடைகள் நின்றன.

பிறகு அவை இறங்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பின்னால் ஆறேழு. செடிகளுக்கு நடுவில் குறுக்கு வழியாக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடைகளை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா முதலில் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"யாரு தாயி? யாரு போயிட்டாங்க?"

சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிதான், கொஞ்சம் காது மந்தமானவள், கேட்ட கேள்விக்கு நேரான பதிலைச் சொன்னாள்.

"ஏசுசாமி."

"எப்ப?"

"இன்னிக்குத்தான். மூணு மணிக்கு."

அக்கா மார்பில் கையை வைத்தாள். "ஐயோ, என்ன வயசு?"

"முப்பத்தி மூணு."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருக்காங்க."

அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. எந்தச் சாமி, யாருடைய சாமி, எத்தனை காலத்துக்கு முந்திய சாவு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இல்லை, பின்னால் நான் கேட்டபோது, "தெரியாமயாடி உக்காந்தேன்? வாசல்ல வந்து நிக்கிறப்ப தெரியல. கேட்டப்புறம் தெரிஞ்சுச்சு. அதுக்காக எந்திரிச்சுப் போயிடலாமா?" என்றாள். என் எதிரில், பாயில் உட்கார்ந்தாள். கூட வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் கொழுந்துக் கறை பச்சையாக இருந்தது. அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், மூச்சை இழுத்தாள், சொன்னாள்:

எட்டாத ஒசரத்துல ஏத்திவச்ச பாவி யாரு – தாயி
ஏணியொண்ணு கொண்டாங்க, எறக்கிடுவோம் எம்புள்ளைய –

ஏணி! இத்தனை வருஷம் சிலுவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பாவம், பலி, மீட்பு, எல்லாம் கேட்டோம். ஒருத்தரும் ஏணி கேட்டதில்லை. மேலே ஒரு பிள்ளை தொங்குகிறது, அதை இறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பெண்கள் பக்கம் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருத்தி விம்மினாள். அடுத்த வரியை நான் எடுத்தேன், பதிலை எங்கள் சபைப் பெண் ஒருத்தி சொன்னாள். அதற்கடுத்த பதிலை இன்னொருத்தி. எழுதி வைத்த பாட்டு எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு எங்களைப் பாடிக்கொண்டு போனது.

அப்போதுதான் அது வந்தது. கூப்பிடாமல், கதவைத் தள்ளிக்கொண்டு.

பனி விழும் மலைமேல பாத வெட்டிப் போனவரே –

பாடிய பிறகுதான் என்ன பாடினேன் என்று உணர்ந்தேன். வேதத்தில் இல்லாத வரி. உபதேசியார் அதை அடையாளம் கண்டுகொண்டார். மறந்திருக்க மாட்டார். அவர் கை மேலே எழும்பியது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள், இழுத்த மூச்சு அவள் நெஞ்சில் நின்றது. கை பாதி வழியில், தோளுயரத்தில், காற்றில் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றேன். இந்தமுறை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதாக இல்லை. எனக்கு அது புதிது.

கை இறங்கியது. வேதாகமத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அவர் தலையைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டார்.

பாதி வழியில என்னையப் பாக்கச் சொன்னதாருகிட்ட –

முடித்துவிட்டேன்.

அக்கா பதில் சொன்னாள். அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அது அவள் மாதக்கணக்கில் விழுங்கி வைத்திருந்தது. அவளுக்கும் எனக்கும் போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரருக்கும் உரியது.

வெளியே சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை. மலையிலிருந்த ஆளெல்லாம் காணாமல் போனதைக் கண்டு தேடி வந்திருந்தார்.

"என்னாடி இது கூத்து? கூடையில கொழுந்து சூடேறிக் கருகுது, நீங்க இங்க உக்காந்து..."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழவு வீட்டுல வந்து சத்தம் போடாதீங்க கணக்கப்புள்ள."

அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். "யாரு எழவு?"

சபை சிரித்தது. பெரிய வெள்ளிக்கிழமை, மூணு மணி ஆராதனையில், கண்ணீர் காயாத முகங்களோடு எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் அடக்கப் பார்த்தார், முடியவில்லை, வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாவம், அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பெண்கள் எழுந்து முகத்தைத் துடைத்து, கூடைகளை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

அடுத்த மாதம் பாதிரியார் வந்தார். யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். உபதேசியாரைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார வைத்துக் கேட்டார். நான் அரைச்சுவருக்கு வெளியே நின்றேன்; உள்ளே பேசுகிறது எதுவும் அங்கே ரகசியமில்லை.

"ஆலயத்தில் ஒப்பாரி வைக்க விட்டீராமே?"

"ஆமாங்கய்யா."

"ஏன் தடுக்கவில்லை?"

பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. பிறகு உபதேசியார் சொன்னார்: "ஒருதரம் தடுத்தேங்கய்யா. தப்பாப் போச்சு."

பாதிரியார் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். பாடினேன். நிறுத்தத்தில் அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பதில் சொல்ல ஆளில்லாததால் உபதேசியார் தன் கட்டைக்குரலில் ஏணி வரியைச் சொன்னார். சுருதி எங்கோ போயிற்று. பாதிரியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆண்டவருக்குக் காது இருக்கிறது" என்றார். சம்மதமா, உபதேசியாரின் குரலைப் பற்றிய வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தடை எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு பாட்டு என்னிடம் ஓயவில்லை. ஒப்பாரி மட்டுமா? தாலாட்டு மெட்டில் கிறிஸ்து பிறப்பு, கும்மி மெட்டில் உயிர்த்தெழுதல், கொழுந்து கிள்ளுகிற தாளத்தில் அன்றாட அப்பத்துக்கான ஜெபம். என் வீட்டுக்காரருடைய நோட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்கள் எல்லாம் என் கையெழுத்தில் நிரம்பின. எங்கள் கீர்த்தனைகளும் நல்ல கீர்த்தனைகள்தான். ஆனால் அவற்றைப் பாடும்போது நாங்கள் கால் கழுவி, நல்ல சேலை கட்டிப் போகிற ஆட்கள். என் பாட்டுக்குள் அப்படியே, மண்ணோடும் அட்டைக்கடியோடும் நுழையலாம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியபோது உபதேசியார் மறுபடி என் வாசலில் நின்றார். இந்தமுறை மழை இருந்தது.

"கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்திலேர்ந்து சொல்லியனுப்பியிருக்காங்க. ஒரு பொம்பள. பிள்ளைய மண்ணுல வச்சு மூணு வாரம் ஆச்சாம். அழவே இல்லியாம். பேச்சும் இல்ல. நம்ம சபை இல்ல, சைவக்காரங்கதான். ஒப்பாரி பாடுற அந்தக் கூடைக்காரிய, ஒன்னத்தான், அனுப்ப முடியுமான்னு கேக்குறாங்க."

"என்ன பாடச் சொல்றீங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார். "போயி உக்காரு. ஒனக்குத் தெரியும்."

அதுவரை, எங்கள் வீட்டுச் சாவு நாட்கள் தவிர, ஒரு நாளும் நான் பெரட்டுக்குத் தவறியதில்லை. மறுநாள் விடியலில் தப்பு மேளத்தின் சத்தம் களத்துக்கு அழைத்தபோது, நான் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். அக்கா நிரைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "மழையில தொண்டைய நனைக்காதடி" என்றாள்.

அன்றிலிருந்து எத்தனையோ மலை ஏறி இறங்கிவிட்டேன். ஒரு தோட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்க எனக்கு முடிந்ததில்லை. கால் அரிக்கும், அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஏதோ ஒரு நிறுத்தம் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அழைப்பு என்று சபையில் சொல்கிறார்களே, மேலிருந்து ஒளி இறங்கும் என்று, என்னுடையது அப்படி வரவில்லை. ஈரக் குடையோடு வந்த ஒரு மனிதர் வாயால் வந்தது.

அந்தக் கொத்மலைத் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது பிற்பகலில். லயத்து வாசலில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது; அதைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு விலகி நின்றார்கள். நான் அவள் எதிரில், ஈர மண்ணிலேயே உட்கார்ந்தேன். அவளுடைய பிள்ளையின் பேர் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. சிலுவைக்குக் கீழே நின்ற அந்தத் தாயிடமிருந்து ஒரு வரி எடுத்தேன். எட்டாத உயரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வரி. மெதுவாகத்தான் எடுத்தேன்.

எடுத்துவிட்டு நிறுத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ, "அவ பேசமாட்டாம்மா, மூணு வாரமா இப்படித்தான்" என்றார்கள். நான் கையைக் காட்டி அவர்களைப் பேசாமலிருக்கச் சொன்னேன். அவள் உதடு பிரிந்திருந்தது. நெஞ்சுக்குழி மெல்ல உள்ளே இழுபட்டது. அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

அவசரப்படுத்தவில்லை. அவளுடைய வரி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.